"பகிடிதானே, மிஸ்": ஒரு கட்டுமான நிறுவனத்தில் நடந்த நிகழ்வின் ஆய்வு

மட்டக்களப்பு நகரில் இயங்கும் ஒரு தனியார் கட்டுமான ஒப்பந்த நிறுவனத்தில் 2022 நவம்பரிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு நடந்ததை இங்கே எழுதுகிறேன். அப்போது அங்கே நிர்வாக அலுவலராக இருந்தேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பேசிய பேச்சையும் எடுத்த முடிவுகளையும் மாற்றவில்லை. களஞ்சியப் பொறுப்பாளரும், பயிலுநராக இருந்த பெண்பிள்ளையும் எழுதச் சம்மதித்தார்கள். மேற்பார்வையாளரும் வரைவை வாசித்தார். ஒன்றே ஒன்றைச் சேர்க்கும்படி கேட்டார். அதை உரிய இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

பின்னணி

நிறுவனத்தில் நிரந்தரமாக இருபத்தாறு பேர். மதகு, வடிகான், பாடசாலைக் கட்டடம், கிராமத்து வீதி என்று பெரும்பாலும் அரச ஒப்பந்தங்கள்தான். அலுவலகமும் களஞ்சியமும் நகரத்தில். வேலைத்தலங்கள் அனேகமாக வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில். ஆட்களில் பெரும்பங்கு இந்த மாவட்டத் தமிழர். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் ஐந்து பேர். பெக்கோ ஓட்ட அம்பாறையிலிருந்து வந்த சிங்களவர் இருவர். திட்டப் பொறியியலாளர் யாழ்ப்பாணத்தவர். தேத்தண்ணி ஊற்றி, கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறியது.

மேற்பார்வையாளருக்கு நாற்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. பதினொரு வருடமாக இங்கேதான். கொங்கிரீட் போடுகிற நாளில் இரவு பத்து மணியானாலும் ஆட்கள் முகம் சுளிக்காமல் நிற்பதற்கு அவர்தான் காரணம். எல்லாரும் களைத்து நிற்கும்போது ஒரு சொல் சொல்லுவார். சிரிப்பு எழும்பும். தாச்சி மறுபடி கைமாறத் தொடங்கும். அவருடைய பகிடிகளை வைத்து நாங்கள் பல வேலைகளை நேரத்துக்கு முடித்திருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

களஞ்சியப் பொறுப்பாளர் 2021இல் சேர்ந்தவர். முப்பது வயதைத் தொட்ட முஸ்லிம் இளைஞர், அதிகம் பேசமாட்டார். அவர் வருவதற்கு முன் சீமெந்துக் கணக்கு எந்த மாதமும் ஒழுங்காக முடிந்ததில்லை. அவர் வந்தபின் ஒரு பை கூடக் குறையவில்லை.

மேற்பார்வையாளர் சேர்க்கச் சொன்னது இதுதான். ஒரு மாரி வெள்ளத்தில் களஞ்சியப் பொறுப்பாளரின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. இரவோடு இரவாக டிப்பரை எடுத்துக்கொண்டு போய், அவருடைய உம்மாவையும் வீட்டுச் சாமான்களையும் ஏற்றி உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டவர் மேற்பார்வையாளர். அது நடந்தது உண்மை. இந்தக் கதையில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று பிறகுதான் விளங்கியது.

என்ன பகிடி

பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லாரும் அலுவலகத்தின் பின் விறாந்தையில் கூடுவோம். காலையில் களஞ்சியப் பொறுப்பாளர் சாப்பாட்டுப் பையோடு வந்தால், "நானா, பேக்க அங்கால வையுங்க, சத்தம் கேக்குது" என்று, உள்ளே குண்டு இருப்பதுபோல மேற்பார்வையாளர் காதைப் பொத்துவார். படுவான்கரையிலிருந்து வரும் பயிலுநரிடம், "ஆத்துக்கு அங்கால கரண்ட் வந்திட்டா புள்ள?" என்பார். தேத்தண்ணிப் பையனுக்குத் தோட்டத்தை வைத்து ஒரு பெயர். தொப்பியை வைத்து முஸ்லிம்களைச் சொல்லும் அந்தப் பழைய வசையும் அவ்வப்போது வரும். அதை இங்கே எழுத மனம் இல்லை. கிழக்கில் வளர்ந்த எவருக்கும் அது தெரியும்.

பொறியியலாளரும் சளைத்தவர் இல்லை. விருந்தினர் யாராவது வந்தால், "கவனம், மட்டக்களப்புக்கு வந்தா பாயோட ஒட்ட வச்சிருவினம்" என்று தொடங்குவார். எங்கள் ஊர்ச் சனம் மந்திரம் போட்டு ஆளை மயக்குவார்கள் என்ற அந்தக் கதையை நான் கொழும்பில் படித்த காலத்திலும் கேட்டிருக்கிறேன். விடுதியில் கிழமைக்கு ஒருதரமாவது யாராவது சொல்வார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அடுத்த கதை என் மேலே வரும் என்று பயம். இது நினைவிருந்தும், அலுவலக விறாந்தையில் இன்னொருவர் அதேபோலச் சிரித்தபோது இரண்டு வருடம் எனக்குத் தெரியவில்லை.

இந்த மாவட்டத்தில் இப்படிப்பட்ட பகிடிகளின் எடை வேறு. 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் அதே மாதம் 12 ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள்; செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில் தமிழர் கொல்லப்பட்டார்கள். ஆறு கிழமைக்குள் நடந்தவை. நாற்பது வயதைத் தாண்டிய எவரும், தமிழரோ முஸ்லிமோ, அந்த ஆறு கிழமையைத் தன் வீட்டுக் கதையாகவே வைத்திருக்கிறார்கள். பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்த நாள். மட்டக்களப்பு நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் இறந்தார்கள். குண்டுவெடிப்புகளை முன்னின்று நடத்தியவன் காத்தான்குடிக்காரன் என்றதும், அந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டியவர் ஆனார். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு வேலைக்கு வந்த ஒருவரிடம், வேலைத்தலத்திலும் பையை வைத்தே பகிடி. குண்டுவெடிப்பு நடந்து மூன்று வருடமாகியும் அது ஓயவில்லை.

கவனித்தவை

களஞ்சியப் பொறுப்பாளரின் கோப்பை முதலில் காணாமல் போனது. பின் விறாந்தைத் தட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை இருக்கும். அடியில் நகப்பூச்சால் எழுத்துப் போட்டிருப்போம். 2022 ஒக்டோபரில் சாமான் கணக்கெடுத்தபோது அவருடையது அங்கே இல்லை. உடைந்திருக்கும் என்று எழுதிக்கொண்டேன். களஞ்சியத்துக்குப் போனபோது, சீமெந்து அடுக்குக்குப் பின்னால் ஒரு கவிழ்த்த பெயின்ற் வாளி, அதன் மேல் கோப்பை, பக்கத்தில் மடித்த பத்திரிகைத்தாள். மத்தியானச் சாப்பாட்டையும் அவர் அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன். "சாமான் ஏத்த ஆள் வரும் மிஸ், இங்க இருந்தா லேசு" என்றார். நம்பினேன்.

இரண்டாவது, அவர் சிரிப்பு. பிறகு கவனித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பகிடி முடியுமுன்னே சிரித்துவிடுவார். மேற்பார்வையாளர் "நானா" என்று வாயைத் திறந்தவுடனேயே இவர் முகத்தில் சிரிப்பு வந்து நிற்கும். நல்ல பகிடிக்கு யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. மழை வரும் என்று குடையை முன்கூட்டியே விரித்து வைத்திருப்பதைப் போன்றது அது.

முறைப்பாடு

நவம்பர் நடுப்பகுதியில், என்னுடைய வரவுப் புத்தகத்துக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. எழுதியவர் பயிலுநர், படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த இருபத்தொரு வயதுப் பெண்பிள்ளை. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை வாவியைக் கடந்துதான் அவருடைய அண்ணன்மார் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றி ஒரு வரியும் அந்தத் தாளில் இல்லை. களஞ்சியப் பொறுப்பாளரைப் பற்றியே எழுதியிருந்தார். ஆலோசகர் நிறுவனத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்த அன்று, அவர் முன்னிலையிலேயே பை கதை நடந்திருக்கிறது. வந்தவர் சிரித்தார். பொறியியலாளர் சிரித்தார். "நானாவும் சிரித்தார், ஆனால் கை நடுங்கினது. கேற் பாஸில் திகதியைப் பிழையாக எழுதி வெட்டினார். தயவுசெய்து பாருங்கள் மிஸ்."

கேற் பாஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அன்றைய திகதி இரண்டு தரம் வெட்டி எழுதப்பட்டிருந்தது. அந்தப் புத்தகத்தில் வேறெந்தப் பக்கத்திலும் வெட்டு இல்லை.

முதல் முடிவும் அதன் பிழையும்

அன்று பின்னேரமே இருவரையும் ஒன்றாக என் அறைக்குக் கூப்பிட்டேன். பிரச்சினையைச் சூட்டோடு சூடாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரே குடும்பம்போல இருக்கிற இடம், முகம் பார்த்துப் பேசினால் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். மேற்பார்வையாளருக்கு அதிர்ச்சி. "நானா, நான் சொன்னதில உங்களுக்கு மனவருத்தமா?" என்று நேரே கேட்டார். மற்றவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஒண்டுமில்ல மிஸ், பகிடிதானே. அண்ணன் நல்ல மனிசன்." கை குலுக்கிக்கொண்டார்கள். கோப்பில் "தீர்க்கப்பட்டது" என்று எழுதினேன்.

நான் பார்த்த வேலைகளில் இவ்வளவு மோசமாக எதையும் செய்ததில்லை. புண்பட்டவரைப் புண்படுத்தியவர் முன்னால் இருத்தி, புண்பட்டீரா என்று கேட்டால், இல்லை என்பதைத் தவிர அவர் என்ன சொல்ல முடியும்? அதுவும் தன் உம்மாவை வெள்ளத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவரிடம். மறுநாளிலிருந்து விறாந்தையில் புதுப் பகிடி தொடங்கியது: "மெல்லக் கதையுங்ககா, மறுகா மிஸ்ஸிட்டப் போயிரும்." முறையிட்டவர் களஞ்சியப் பொறுப்பாளர்தான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து, "நான் ஒண்டும் செல்லலயே மிஸ், என்ட பேர எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டார். முகத்தில் கோபத்தைவிடப் பயமே கூடுதலாக இருந்தது.

சட்டத்தில் தேடியது

அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் சட்டப் பக்கம் பார்த்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன், வேறு அலுவலகங்களுக்கும் உதவும். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் என்பவற்றால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு ஆட்சித்துறை, நிர்வாகத்துறைச் செயல்களுக்கு எதிரானது. தனியார் கம்பனியின் விறாந்தைக்கு அது எட்டாது. தண்டனைச் சட்டக்கோவையின் 291அ பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தவென்றே சொல்லும் சொற்களைப் பற்றியது. பாலியல் தொந்தரவுக்கு 345ஆம் பிரிவு, 1995 திருத்தத்தோடு, சொற்களையும் உள்ளடக்கிக் கடுமையாகவே இருக்கிறது. தொழில் நியாயசபைக்கு வேலைநீக்கம் என்று ஒன்று நடந்தபின்தான் போகலாம். பொலிசுக்குப் போகும் வழி இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் வேண்டாம் என்கிறபோது அவரை இழுத்துக்கொண்டு போவது இன்னொரு கொடுமை. ஆக, எங்கள் முற்றத்தை நாங்கள்தான் கூட்ட வேண்டியிருந்தது.

இரண்டாம் சுற்று

அடுத்த பதினொரு வேலைநாள் தேத்தண்ணி நேரத்தில் யார் யாரைப் பற்றிப் பகிடி விடுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டேன். பெயர் எழுதவில்லை, திசையை எழுதினேன். ஒரு பகிடிகூட மேல்நோக்கிப் போகவில்லை. பொறியியலாளரின் ஊரை, மதத்தை, குடும்பத்தை எவரும் தொடவில்லை. எல்லாம் களஞ்சியத்துக்கு, தேத்தண்ணிப் பையனுக்கு, பயிலுநருக்கு. "நாங்க எல்லாரையும்தான் பகிடி பண்றம்" என்று பிறகு சொன்னவர்களுக்கு இந்தத் தாளைத்தான் காட்டினேன்.

டிசம்பர் தொடக்கத்தில் மேற்பார்வையாளரைத் தனியே கூப்பிட்டேன். அலுவலகத்தில் வேண்டாம் என்று, கல்லடிப் பக்கம் வாவிக்கரையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். "நீங்கள் இனவாதி" என்று சொல்லக்கூடாது என்பதை முன்பே முடிவு செய்திருந்தேன். அப்படிச் சொன்னால் ஒரு மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான். அவர் சொன்ன வசனங்களை அப்படியே, திகதியோடு சொன்னேன்.

"எனக்கு அவரில ஒரு கோவமும் இல்ல மிஸ். அவர்ட உம்மாவத் தூக்கி டிப்பர்ல வச்சவன் நான்."

"தெரியும். அதாலதான் அவர் உங்களுக்கு முன்னால வாய் திறக்க ஏலாம இரிக்கார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தொண்ணூறில் காணாமல் போன தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். யார் கூட்டிக்கொண்டு போனது, தாய் எத்தனை முகாம்களுக்கு அலைந்தது, கடைசியில் எந்த ஊரில் கண்டதாக யார் சொன்னது எல்லாம் சொன்னார். அவங்களும் எங்களைப் பற்றிச் சொல்வதில்லையா என்று கேட்டார். நான் இடைமறிக்காமல் கேட்டேன். வரலாற்றைப் பற்றி வாதாடவில்லை. வாதாடியிருந்தால், யாருடைய வீட்டில் சாவு கூட என்ற கணக்கில் போய் முடிந்திருக்கும். பை கதையை நிறுத்துவது அந்தக் கணக்கின் விடையில் தொங்கிக்கொண்டிருக்கும். கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "நாளையிலிருந்து பேக் கதை வேணாம். தொப்பிக் கதையும் வேணாம். பயிலுநர்ட ஊரும் வேணாம்." "சரி மிஸ்" என்றார். மனம் ஒத்துச் சொன்ன சரி இல்லை அது. அன்றைக்கு அது போதும் என்று விட்டேன்.

பொறியியலாளரோடு பேசியதுதான் கடினம். "நான் எங்க இதுக்குள்ள வந்தனான்?" என்றார். ஆலோசகர் வந்த அன்று நீங்கள் சிரித்ததால்தான் மற்றவர்களும் துணிந்தார்கள் என்றேன். உளவியலாளர் தோமஸ் ஃபோர்டும் அவருடன் சேர்ந்தவர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தை இழிவுபடுத்தும் பகிடி கேட்பவர் மனதில் புதிதாக வெறுப்பை விதைப்பதைவிட, ஏற்கெனவே வெறுப்பு உள்ளவருக்கு "இங்கே இது பரவாயில்லை" என்ற அனுமதியைக் கொடுக்கிறது என்பதே அவர்கள் சொல்வதன் சாரம். அந்த அனுமதிச்சீட்டில் கையெழுத்துப் போடுவது பகிடி விட்டவர் இல்லை, சிரிக்கிற மேலதிகாரி. இதைக் கேட்டுவிட்டு அவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு, லொறிகள் புறப்படுமுன், முற்றத்தில் எல்லாரையும் நிறுத்திப் பேசினார். "இங்க நடக்கிற சில பகிடிகளுக்கு நானும் சிரிச்சனான். நான் சிரிச்சபடியால்தான் அது வளந்தது. பாயில ஒட்டுற கதையையும் இனி நான் சொல்ல மாட்டன். சமயம், ஊர், சாதி, உடம்பு, ஆம்பிளை பொம்பிளை, இதுகளை வச்சு இங்க பகிடி வேண்டாம்." இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஜனவரியில் நான் தமிழிலும் சிங்களத்திலும் அரைப்பக்க விதி ஒன்றை எழுதி ஒட்டினேன்: கேட்டவர் எவரும் முறையிடலாம், பாதிக்கப்பட்டவரே வரவேண்டும் என்றில்லை; முறையிட நானும் கணக்காளரான முஸ்லிம் சகோதரர் ஒருவரும்; முதலில் தனியே பேச்சு, பிறகு கடிதம், பிறகு விசாரணை. அந்தத் தாள் செய்ததைவிட அந்த இரண்டு நிமிடம்தான் கூடச் செய்தது.

"அப்ப இனிப் பகிடியே ஏலாதா?" என்று இளைய ஆட்கள் முறுகினார்கள். பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. சீமெந்து விலை, இயங்காத ஜெனரேற்றர், பொறியியலாளரின் மோட்டார்சைக்கிள், மழை பெய்தால் மட்டும் வந்து நிற்கும் ஆலோசகர் என்று ஒரு மாதத்துக்குள் பகிடிகள் இடம் மாறின. வட்ஸ்அப் குழுவை அறிவித்தலுக்கு மட்டும் என்று மாற்றியதும், நான் இல்லாத இன்னொரு குழு தொடங்கினார்கள். தேத்தண்ணிப் பையன் சொல்லித் தெரியும். அதைத் துரத்திப் போகவில்லை. அங்கே எழுதியது யாரையாவது வேலையில் தொட்டால் வேலையில் சொன்னதாகவே எடுப்போம் என்று மட்டும் அறிவித்தேன்.

பயிலுநருக்கு நடந்தது

இந்த இடத்தைக் கடந்துபோக எனக்கு உரிமை இல்லை. பயிலுநர் எழுதிய தாளை நான் பொறியியலாளரிடம் காட்டினேன். அவர் அதை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். நாள்தோறும் வேலைத்தலத்தில் அளவுத்தாள் எழுதுவது அந்தப் பிள்ளைதான். அவருடைய கையெழுத்து மேற்பார்வையாளருக்கு மனப்பாடம். மேசையில் கிடந்த தாளைப் பார்த்தவுடன் யார் எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் ஒன்றும் திட்டவில்லை. வேலை கொடுக்காமல் விட்டார். மதகுக்குக் கம்பி கட்டும்போது மற்றப் பயிலுநரைக் கூப்பிட்டார். இவரைப் பழைய தாள்களைப் பிரதி எடுக்க விட்டார். "மிஸ்ஸிட ஆள்" என்று ஒரு பெயரும் விழுந்தது. ஜனவரி முடிவில் பயிற்சிப் பதிவுப் புத்தகத்தில் கையொப்பமிட எடுத்தபோது, ஐந்து கிழமைக்கு அதில் ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது: "அலுவலக வேலை." பயிற்சியை விட்டு நிற்கப் போகிறேன் என்று வீட்டில் தாயிடம் சொல்லியிருந்தாராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒருக்கா சொல்லித்தானே இப்பிடி ஆகினது" என்றார்.

மறுநாளே வேறு தொழில்நுட்ப அலுவலரின் கீழ் மாற்றினேன். இழந்த ஐந்து கிழமை வேலைத்தலப் பயிற்சியைக் கூட்டிக் கொடுக்கப் பொறியியலாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

நோன்பு மாதம்

2023இல் நோன்பு மார்ச் கடைசியில் தொடங்கியது. ஏப்ரல் முதல் கிழமை, வெள்ளாவெளிப் பக்கம் ஒரு வேலைத்தலத்தில், மத்தியானம் இரண்டு மணி வெயிலில் கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் குளிர்ந்த தண்ணீர்க் கோப்பையைக் களஞ்சியப் பொறுப்பாளரின் வாயருகே நீட்டி, இறைவன் பெயரைச் சேர்த்து ஒரு சொல் சொன்னார். அதை எழுதமாட்டேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அறுபது வயது மேசன் ஒருவர், ஆரையம்பதிக்காரர், "வேணாம் தம்பி" என்று கோப்பையை வாங்கி மண்ணில் ஊற்றினாராம். பின்னேரம் அவரே எனக்குத் தொலைபேசி எடுத்தார். விதித்தாளை அவர் வாசித்தவர் இல்லை. காலை ஏழரைக்குப் பொறியியலாளர் பேசியதைக் கேட்டவர்.

மறுநாள் களஞ்சியப் பொறுப்பாளரைத் தனியே சந்தித்தேன். முதல்முறையாக "பகிடிதானே" என்று சொல்லவில்லை. "தண்ணிய நீட்டினது பரவால்ல மிஸ். அந்தச் சொல்ல என்ட பிள்ளையள் கேட்டிருந்தா?" என்றார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். வேலையால் நிற்பாட்ட வேண்டாம், இனி இருவரும் ஒரே லொறியில் போகாமல் பண்ணுங்கள் என்றார்.

விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தோம். மூன்று நாளில் பதில் வந்தது, பிழையை மறுக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு, அந்த வருடச் சம்பள ஏற்றத்தை ஆறு மாதம் தள்ளிவைத்தோம். பொருள் ஏற்றி இறக்கும் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. வேலைநீக்கம் செய்ய வேண்டும் என்று கணக்காளர் வாதாடினார். நான் மறுத்ததற்கு மூன்று காரணம். பாதிக்கப்பட்டவர் கேட்கவில்லை. செய்திருந்தால், முஸ்லிம் ஒருவருக்காகத் தமிழனை நிற்பாட்டினார்கள் என்ற கதை ஊரில் பரவி, அதைச் சுமப்பவர் களஞ்சியப் பொறுப்பாளராகவே இருந்திருப்பார். மூன்றாவது, இரண்டு மதகு வேலை பாதியில் நின்றது, அந்த மனிதர் எங்களுக்குத் தேவைப்பட்டார். இந்த மூன்றாவது காரணம் எவ்வளவு எடை பிடித்தது என்பதை இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். கணக்காளர் சொன்னதில் நியாயம் இருந்தது.

விளைவு

கடிதம் கிடைத்த சில நாளில் மேற்பார்வையாளர் களஞ்சியத்துக்குத் தனியே போயிருக்கிறார். யாரும் போகச் சொல்லவில்லை. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. "சரி அண்ணன்" என்று முடிந்ததாகக் களஞ்சியப் பொறுப்பாளர் பிறகு சொன்னார். அதன்பின் இருவரும் வேலை விடயம் மட்டும் பேசினார்கள். பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்தது, மேற்பார்வையாளர் சாப்பிட்டார். நட்பு திரும்பி வரவில்லை. அதை எதிர்பார்த்து நாங்கள் எதையும் செய்யவுமில்லை.

விறாந்தையில் பை கதையும் தொப்பிக் கதையும் அதன்பின் கேட்கவில்லை. தேத்தண்ணிப் பையனை அவனுடைய பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள்; அது வர மாதங்கள் எடுத்தது. பயிலுநர் பயிற்சியை முடித்து, அதே நிறுவனத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தார்.

களஞ்சியப் பொறுப்பாளர் 2023 நவம்பரில் கட்டாருக்குப் போனார். சம்பளம்தான் காரணம் என்றார், அந்தச் சம்பளத்தை எங்களால் கொடுக்கவும் முடியாது. சாவி ஒப்படைத்த அன்று களஞ்சியத்தைச் சுற்றிக் காட்டினார். சீமெந்து அடுக்குக்குப் பின்னால் பெயின்ற் வாளி அப்படியே கவிழ்ந்திருந்தது. கோப்பை அதன் மேல் இருந்தது. நோன்புக்குப் பிறகும் அவர் மத்தியானச் சாப்பாட்டை விறாந்தைக்குக் கொண்டுவரவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இன்னொரு தடவை என்றால்

இருவரையும் ஒரே அறையில் இருத்தமாட்டேன். முதல் நாள் கேட்க வேண்டியது பகிடி விட்டவரைத்தான், அதுவும் தனியே. பாதிக்கப்பட்டவரிடம் "உங்களுக்கு வருத்தமா?" என்று கேட்பதற்குப் பதிலாக "எது நிற்க வேண்டும், எப்படி நிற்க வேண்டும்?" என்று கேட்பேன். நோன்பு மாதத்தில் அப்படிக் கேட்டபோதுதான் ஒரு உண்மையான பதில் வந்தது. லொறியை மாற்றும் யோசனை எனக்குத் தோன்றியே இருக்காது.

பொறியியலாளரின் பேச்சை முதல் கிழமையிலேயே வாங்கியிருப்பேன். மேலே இருப்பவர் சிரித்ததைத் தன் வாயால் ஒப்புக்கொள்ளாமல் எந்த விதியும் ஆட்களிடம் போய்ச் சேரவில்லை. முறைப்பாடு வந்த நாளிலிருந்து, முறையிட்டவருக்கு வேலை குறைகிறதா என்று கிழமைக்கு ஒருதரம் பார்ப்பேன். பதிவுப் புத்தகமும் பணிப் பட்டியலும் அதை உடனே காட்டிவிடும். மேசனைப்போல நடுவில் நின்று "வேணாம் தம்பி" என்று சொல்பவர் இருந்தால், அவருக்கு அன்றைக்கே எல்லார் முன்னாலும் நன்றி சொல்வேன். நான் அதைச் செய்யவில்லை.

அந்த நாலாக மடித்த தாளுக்கு வருகிறேன். இப்போது வேறோர் இடத்தில் வேலை செய்கிறேன். யாராவது முறையிட வந்தால் நானே என் கையால் எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் எழுதிக்கொண்டு வந்த தாள் இருந்தால், அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.